பன்னிரண்டாம் கேள்வியும் பாண்டிச்செல்வியும்

புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இந்நேரம் முதல் சுற்றறிக்கை வந்து சேர்ந்திருக்கும். கூடவே ஒரு செயலி, அதற்கு ஒரு கடவுச்சொல், அது வேலை செய்யாவிட்டால் கூப்பிட ஒரு எண், அந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை என்ற அனுபவம், எல்லாம் கிடைத்திருக்கும். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் கைப்பேசியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டால், எந்தப் படிவத்தை அனுப்ப மறந்தேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பாடம் நடத்துவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு என்னைவிடப் புதிய பயிற்சி உங்களிடம் இருக்கிறது. தேர்வு சமயத்தில் என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் அதை நான் செய்தேன். ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை செய்தேன்.

நான் கடைசியாகத் தலைமை ஆசிரியையாக இருந்தது பரளச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேன்கள் அள்ளிக்கொண்டு போன சமயத்தில் நாங்களும் பயந்துபோய் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினோம்: ‘இங்கு ஆங்கில வழிக் கல்வி உண்டு.’ ஃபிளெக்ஸ் மட்டும்தான் புதிது. அதே டீச்சர்கள், அதே கரும்பலகை. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், பாடம் தமிழில் நடக்கும். கொஞ்ச நாளில் தமிழ் வழியில் பிள்ளைகள் குறைந்து, அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் சேர வருகிற பிள்ளை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆங்கில வழிதான். இது ஊருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும். கேள்வித்தாள் தயாரித்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

பாண்டிச்செல்வி அப்படி வந்தவள்தான். பக்கத்துச் சிற்றூரில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு ஜூன் மாதம் எங்களிடம் வந்தாள். அவள் அப்பா எம்.ரெட்டியபட்டி தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதத் தெரியும், ஏபிசிடி தெரியும், அவ்வளவுதான். ஆனால் கணக்கு இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. கணக்குப் பாடம் நானே எடுத்தேன். ஒரு நாள், “மூணு பேரு ஒரு ஏக்கர்ல களையெடுக்க எட்டு மணி நேரம் ஆகுது. நாலு பேரு எடுத்தா எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டேன். வகுப்பு விரலை மடக்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள்.

“ஆறு மணி நேரம் டீச்சர். ஆனா எங்கம்மா செட்டுன்னா ஏழு ஆகும். நாலு பேரு சேந்தா பேச்சு கூடிப்போகும்.”

இதைவிடக் கணக்குத் தெரிந்த பிள்ளையை நீங்கள் எங்கே தேடுவீர்கள்?

ஆகஸ்டில் அந்தத் தேர்வு வந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாள், ஒரே தாள். பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கண்டுபிடித்து மூன்று பிரிவாகப் பிரிக்கப் போகிறார்களாம். ஆங்கில வழி என்றால் கணக்குக் கேள்வியும் ஆங்கிலத்தில்தான். பள்ளியில் சேர்ந்து ஐந்து வருடமா, இரண்டு மாதமா என்ற கேள்வியே அங்கே கிடையாது. தாளோடு நாலு பக்கத்துக்கு விதிமுறைகள் வந்தன. கேள்வியை வாசித்துக் காட்டக் கூடாது, மொழிபெயர்க்கக் கூடாது, விளக்கக் கூடாது. வெளியிலிருந்து வர வேண்டிய கண்காணிப்பாளர் வரவில்லை. நானே நின்றேன்.

எனக்கு அப்போது ஒரு பெருமை உண்டு. வேறொரு பள்ளியில் ஒரு சார் தேர்வு அறையில் மூக்கைத் தொட்டால் முதல் விடை, காதைத் தொட்டால் இரண்டாவது விடை என்று பிள்ளைகளுக்குப் பழக்கி வைத்திருந்தார். பாவம், ஒரு நாள் அவருக்கு ஜலதோஷம். வகுப்பு முழுக்க முதல் விடையாகவே போட்டுவிட்டது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். என் அறையில் அந்த மாதிரி வேலையெல்லாம் நடக்காது என்று நிமிர்ந்து நின்றேன்.

பாண்டிச்செல்வி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். பக்கத்தில் போனேன். பன்னிரண்டாவது கேள்வியில் விரலை வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். மூன்று பெயிண்டர்கள், ஒரு சுவர், எட்டு மணி நேரம். களையெடுப்புக்குப் பதில் பெயிண்ட். அதே கணக்கு.

“என்ன கேக்குறாகன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். பதில நான் போட்டுக்கிறேன்.”

“சொல்லக் கூடாதும்மா. விதி இருக்கு. தெரிஞ்சத எழுது.”

“தெரியும் டீச்சர். என்னன்னுதான் தெரியல.”

நான் மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வரிசையாக விடை வட்டங்களைக் கருப்பாக்க ஆரம்பித்தாள். எதைக் கருப்பாக்குகிறோம் என்று அவளுக்கும் தெரியாது.

இருபத்தைந்துக்கு நான்கு. செயலி ஒரே வாரத்தில் பட்டியலை அனுப்பியது. எங்கள் ஆறாம் வகுப்பில் ஒன்பது பேர் ‘அடிப்படை நிலை.’ அதில் ஆறாவது பெயர் பாண்டிச்செல்வி. இந்த ஒன்பது பேரையும் கணக்குப் பாடவேளையில் தனி அறையில் உட்கார வைக்க வேண்டும். தனிப் புத்தகம். முதல் பக்கத்தில் மாம்பழப் படங்கள், எத்தனை மாம்பழம் என்று எண்ணி எழுத வேண்டும். வாராவாரம் அந்தப் பிள்ளைகளைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். மற்றவர்கள் இயற்கணிதத்துக்குப் போய்விடுவார்கள். இவர்கள் மாம்பழத்திலேயே இருப்பார்கள்.

பாண்டிச்செல்வி அந்தப் புத்தகம் முழுவதையும் இரண்டு நாளில் முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரத்தில் மற்றப் பாடங்களிலும் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். பட்டியலைப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள், வாங்கினோம். அவள் அப்பா ஆட்டோவைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

“டீச்சர், எம் மக மக்காயிட்டாளா?”

“அப்படியெல்லாம் இல்லங்க. இது ஒரு கணக்கெடுப்பு மாதிரி.”

“அவ அம்மா எட்டாவதோட நிப்பாட்டிருவோம்ங்கிறா. அவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிருச்சாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

 கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் அது எதையும் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். அவள் கணக்கை அளக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் கற்க ஆரம்பித்து இரண்டே மாதமான மொழியை அளந்துவிட்டுப் போயிருக்கிறது. இதை அந்த அம்மாவுக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்? எனக்கு மேலே இருக்கிறவர்களுக்கே புரிய வைக்க முடியவில்லையே!

முயன்று பார்த்தேன். அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

“இந்தப் பிள்ளைக்கு மட்டும் தமிழ்ல ஒரு தாள் குடுங்க தம்பி. போதும்.”

“மேடம், அவ மீடியம் இங்கிலீஷ்னு இருக்கு. தாள் இங்கிலீஷ்லதான் வரும்.”

“சரி, மீடியத்தத் தமிழ்னு மாத்திருங்க.”

“மாத்தலாம் மேடம். ஆனா உங்க ஸ்கூல்ல தமிழ் மீடியம் செக்‌ஷன் இல்லையே. சிஸ்டம் எடுக்காது.”

“அப்ப செக்‌ஷன் ஒண்ணு குடுங்க.”

“அதுக்கு ஸ்ட்ரென்த் வேணும் மேடம். ஒத்தப் பிள்ளைக்கு எப்படி?”

“அப்ப என்னதான்யா பண்றது?”

“ஜனவரில அடுத்த டெஸ்ட் வருது மேடம். அதுல மார்க் வாங்கிட்டா அதுவா மேல ஏத்திரும்.”

அதுவும் இங்கிலீஷ்லதானே என்று கேட்டேன். ஆமா மேடம் என்றான். தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம்தான் இந்த வேலையில் மிகவும் பொல்லாதது. எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள், எல்லோரும் விதியின்படி நடப்பார்கள், கடைசியில் ஒரு பிள்ளை மாம்பழத்தை எண்ணிக்கொண்டிருக்கும்.

சரி, என் இரண்டாவது தப்புக்கு வருகிறேன். முதலாவதையாவது விதியின் தலையில் போடலாம். இதைப் போட முடியாது.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது நரிக்குடிப் பக்கம். அங்கே இருந்த தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலம் வகுப்பு வகுப்பாகப் போவார். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளாகப் பார்த்து, “ஏலே, நாளைக்கு நீ ஆட்டப் பத்திக்கிட்டுப் போ. பள்ளிக்கூடம் வர வேண்டாம்” என்பார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அதிகாரிக்குச் சந்தோஷம், பள்ளிக்கும் நல்ல பெயர். எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் இது. அவரிடமிருந்து நான் நல்லதையும் கற்றுக்கொண்டேன், இதையும் கற்றுக்கொண்டேன். நீங்களும் யாரிடமிருந்தாவது இதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

ஆகஸ்டுத் தேர்வுக்குப் பிறகு ஒன்றியக் கூட்டத்தில் திரையில் பள்ளிகளின் பெயர்களைப் போட்டார்கள். சராசரி குறைந்து சிவப்பு நிறத்தில் இருக்கிற பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், மூட்டு வலியோடு, என் மகன் வயதுள்ளவர்களுக்கு முன்னால் நின்றேன். மூக்கைத் தொட்ட சாரின் பள்ளி பச்சை. அவருக்குக் கைதட்டல். எனக்கு வந்த அவமானத்தை இன்று சொல்லும்போதும் முகம் சுடுகிறது.

ஜனவரித் தேர்வுக்கு முந்தின நாள், பள்ளி விடும் நேரத்தில், பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டேன்.

“நாளைக்கு நீ வர வேண்டாம்மா. வீட்ல இரு.”

“ஏன் டீச்சர்? நாளைக்குப் பரீச்சையில்ல?”

“அதான். உனக்கு எதுக்கு வீண் கஷ்டம்?”

அந்தப் பிள்ளையை இன்னொரு அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இன்னொரு தடவை எழுந்து நிற்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் நாலு மார்க் வாங்கினால் சராசரி இறங்கும், வராவிட்டால் இறங்காது. தேர்வுக்கு வராத பிள்ளை இருந்த பிரிவிலேயே இருந்துவிடும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் ஒன்பதேகால் மணிக்கெல்லாம் வருகையைப் பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும். பாண்டிச்செல்வி, வரவில்லை என்று தட்டினேன். ஒன்பதரைக்கு வாசலில் ஆட்டோச் சத்தம். அவள் முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பரளச்சிக்குப் போகிற பெண்கள் ஐந்தாறு பேர், அவசரமாக. அவர் இறங்கி வந்தார்.

“டீச்சர், லீவு விட்டிருக்காகன்னு சொன்னா. எதுக்குன்னு கேட்டேன். பரீச்சைக்குன்னா. பரீச்சைக்கு லீவு விடுற பள்ளிக்கூடத்த இப்பத்தான் பாக்கேன்.”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மகளை இறக்கிவிட்டார்.

“வாத்தியாருக்குத் தெரியாம இவளா கதை கட்டுறாளோன்னு கூட்டியாந்தேன். நீங்க அப்படிச் சொல்ல மாட்டீக.”

இவ்வளவு வருட வேலையில் என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன் என்று அவள் அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “உள்ள போம்மா” என்றேன். அவர் போய்விட்டார்.

வருகையை மாற்றலாம் என்று செயலியைத் திறந்தேன். பூட்டிவிட்டது. வரவில்லை என்றால் வரவில்லைதான். கண்ணுக்கு எதிரே இரட்டைச் சடையும் ரப்பர் செருப்புமாக ஒரு பிள்ளை நிற்கிறது, செயலி இல்லை என்கிறது. அவளுக்கு உரிய தாள் கட்டுக்குள் மீதியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கேள்வியைப் பார்த்தாள். இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை.  கேட்டுப் பிரயோசனமில்லை என்பதை ஆகஸ்டிலேயே நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் அல்லவா.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. யோசித்தெல்லாம் செய்யவில்லை. விதிமுறைத் தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். நடுவில் போய் நின்றுகொண்டு, “எல்லாரும் கேளுங்க. ஒண்ணாவது கேள்வி” என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசித்தேன், தமிழில் ஒரு தடவை சொன்னேன். இருபத்தைந்தையும் சொன்னேன். பதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. மூக்கைத் தொடவில்லை, காதைத் தொடவில்லை. கேள்வியைச் சொல்வதும் பதிலைச் சொல்வதும் ஒன்றல்ல என்று புரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

பாண்டிச்செல்வியின் தாளைச் செயலி ஏற்றுக்கொள்ளவில்லை. வராத பிள்ளைக்கு ஏது விடைத்தாள்? நானே சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தினேன். இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஆட்டோ நிறுத்தத்துக்கு நடந்து போய் அவள் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். நேற்று வர வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, “இத அவ அம்மாட்ட காட்டிட்டு நாளைக்குத் தாரேன்” என்றார்.

மறுநாள் முதல் பாண்டிச்செல்வி மாம்பழ அறைக்குப் போகவில்லை. இயற்கணிதம் நடக்கிற அறையில் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். யாரைக் கேட்டும் செய்யவில்லை. செயலியில் அவள் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை அடிப்படை நிலையாகவே இருந்தாள். இப்போது திருச்சுழிப் பக்கம் பத்தாவது படிக்கிறாள். கேள்வித்தாளை அவளே வாசித்துக்கொள்கிறாள். யாருடைய தயவும் வேண்டியதில்லை. அதற்கு நான்கு வருடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் விஷயம். அந்த நான்கு வருடத்தைக் கொடுக்காமல் அளவுகோலோடு வந்து நிற்கிறவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வகுப்பின் மதிப்பெண் அப்படி ஏறியதை எவரும் கேட்கவில்லை. சிவப்பு பச்சையானதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கேட்டது வேறு. மேலே ஏறியவர்களின் புதுப் பட்டியல் இன்னும் வரவில்லை. பழைய பட்டியலில் ஒன்பது பேர், வாராவாரம் ஏற்றுகிற படத்தில் எட்டுத் தலை. அந்த ஒரு தலை எங்கே? தரவுகளைச் சரிபார்க்க எங்கோ ஒரு நிறுவனத்தை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பதிலை மாலை ஐந்து மணிக்குள் ஆங்கிலத்தில் அனுப்பவும் என்று அலுவலகம் அப்படியே எனக்குத் தள்ளிவிட்டது.

இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் அந்த மின்னஞ்சலை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் படித்தது தமிழ் வழி, நடத்தியது தமிழ் வழி. தனித்தனியாகச் சொற்கள் தெரிகின்றன. வாக்கியம் பாதிப் பக்கம் ஓடுகிறது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, என்னைக் குற்றம் சொல்கிறார்களா, விவரம் கேட்கிறார்களா, ஒன்றும் பிடிபடவில்லை.  எழுந்து போனேன். பக்கத்து வகுப்பில் ஷகிலா இருந்தாள். ஆங்கிலப் பாடத்துக்கு வந்த சின்னப் பெண், அருப்புக்கோட்டைக்காரி, முதல் வேலை. கூப்பிட்டேன்.

“ஷகிலா, இதுல என்ன கேக்குறாகன்னு மட்டும் சொல்லும்மா. பதில நான் எழுதிக்கிறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன். ஷகிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, “உக்காருங்க டீச்சர்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எந்த விதியையும் அவள் புரட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பதில் தானாக வந்தது: அந்தப் பிள்ளை இயற்கணித வகுப்பில் இருக்கிறாள், ஏனென்றால் அவளுக்குக் கணக்குத் தெரியும்.

ஷகிலா எனக்குக் கேள்வியைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆனது. நான் பாண்டிச்செல்விக்குச் சொல்ல ஐந்து மாதம் ஆனது.